நேரலையைப் பார்க்கிறார்கள், ஆனால் சாட்டில் பேசுவதில்லை: என்ன செய்யலாம்?

கரித்துண்டு கேட்டது:

வணக்கம். ஏழு மாதங்களாக வாரத்தில் இரண்டு இரவுகள் டிஜிட்டல் ஓவியம் வரைவதை நேரலையாக ஒளிபரப்பி வருகிறேன். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடும். பார்ப்பவர்களின் எண்ணிக்கை பெரும்பாலும் பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில் நிற்கிறது. தொடக்கத்தில் இரண்டு மூன்று பேரோடு ஓட்டியவன் என்பதால் எண்ணிக்கையைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. என் கவலையெல்லாம், பார்ப்பவர்கள் எழுதும் அரட்டைப் பகுதியான சாட்டைப் பற்றியதுதான். ஒருவர் வந்து வணக்கம் சொல்வார், நடுவில் இன்னொருவர் கைதட்டும் எமோஜி ஒன்றைப் போடுவார், அத்தோடு இரண்டு மணி நேரமும் முடிந்துவிடும்.

நான் கேள்வி கேட்காமல் இருப்பதில்லை. நேற்றைய ஒளிபரப்பின் நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் நடந்ததைச் சொன்னால் நிலைமை புரியும். "இந்த மாலை வானத்துக்கு என்ன நிறம் கொடுக்கலாம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நான்கைந்து விநாடி காத்திருந்தேன். பக்கத்துத் திரையைத் திரும்பிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. "சரி, ஊதாவே போட்டுவிடுவோம்" என்று பதிலையும் நானே சொல்லிவிட்டு வரையத் தொடங்கினேன். ஒரே ஒளிபரப்பில் ஏழெட்டு முறையாவது இப்படி நடக்கிறது. ஆளில்லாத அறையில் தனக்குத் தானே பேசிக்கொள்பவனைப் போல ஓர் உணர்வு வந்துவிடுவதால், கடைசி அரைமணி நேரத்தைப் பெரும்பாலும் வாய் திறக்காமலேயே வரைந்து முடிக்கிறேன்.

பரிசுப் போட்டி வைக்கலாமா, நண்பர்கள் இரண்டு பேரை வேறு பெயரில் வந்து பேசச் சொல்லலாமா என்றெல்லாம் யோசனை ஓடுகிறது. அனுபவம் உள்ளவர்கள், குறிப்பாகச் சிறிய எண்ணிக்கையோடு ஒளிபரப்பு நடத்துபவர்கள், தங்களுக்கு எது கைகொடுத்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய ஒலிவாங்கி எழுதியது:

அந்த நாற்பத்தொன்றாவது நிமிடத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் பேசுவது பார்வையாளரின் காதுக்கு உடனே போய்ச் சேர்வதில்லை. யூடியூபில் தாமதத்துக்கு மூன்று நிலைகள் உண்டு. மிகக் குறைந்த தாமதம் என்ற நிலையில் பெரும்பாலோருக்கு 5 விநாடிக்குள்ளும், குறைந்த தாமதம் என்ற நிலையில் 10 விநாடிக்குள்ளும் ஒளிபரப்பு எட்டும்; சாதாரண நிலையில் அதற்கும் மேல் ஆகும். நீங்கள் நடு நிலையில் வைத்திருக்கிறீர்கள், தாமதம் 8 விநாடி என்று கொள்வோம். கேள்வி காதில் விழுந்த பிறகு, பதில் சொல்லலாமா வேண்டாமா என்று ஒருவர் தயங்கி முடிவெடுக்க மூன்று நான்கு விநாடி போய்விடும். அதன்பின் தட்டச்சு. 2019இல் 37,000 பேர் பங்கேற்ற ஓர் ஆய்வில், கைபேசியில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும் வேகம் சராசரியாக நிமிடத்துக்கு 36 சொற்கள் என்று தெரியவந்தது. அந்த வேகத்தில் மூன்று சொல் பதிலுக்கே 5 விநாடி வேண்டும். ஆக மொத்தம் 16 அல்லது 17 விநாடி. நீங்களோ ஐந்தாவது விநாடியில் ஊதா என்று தீர்ப்பு வழங்கிவிட்டீர்கள். கேள்வியே அவர்களைச் சென்றடையாத நேரத்தில் பதிலை அறிவித்துவிட்டீர்கள் என்று பொருள். அவர்கள் காதில் கேள்வி விழுந்து, தட்டச்சு செய்து முடிப்பதற்குள் விடையும் வந்து விழுந்திருக்கும். அதற்குப் பிறகு யார்தான் எழுதுவார்கள்?

இது உங்களிடம் மட்டும் உள்ள பழக்கம் என்று சொல்லிவிட முடியாது. நேருக்கு நேர் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளியைப் பத்து மொழிகளில் அளந்து 2009இல் வெளியிட்டார்கள். அது சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த வேகத்தில் பழகிப்போன நமக்கு நான்கு விநாடி மௌனமே ஒரு யுகமாகத் தெரியும். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக நீட்டினால் பதில்கள் நீள்வதோடு, வழக்கமாக வாய் திறக்காத மாணவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் எழுதினார். தாமதமே இல்லாத, எல்லோரும் எதிரில் உட்கார்ந்திருக்கும் இடத்தின் கதையே இப்படி.

அதற்காகப் பதினேழு விநாடி பேசாமல் உட்காருங்கள் என்று சொல்லமாட்டேன். ஒளிபரப்பில் அது தடங்கல் போலத் தோன்றும், சிலர் இணைப்புப் போய்விட்டது என்று எண்ணி வெளியேறியும் விடுவார்கள். கேள்வியைக் கேட்டுவிட்டு அதைச் சுற்றியே பேசிக்கொண்டிருங்கள். ஊதா போட்டால் மலைக்கு என்ன ஆகும், மஞ்சள் போட்டால் தண்ணீரில் எதை மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே, விடையைச் சாராத வேறொரு மூலையில், மரத்தின் பட்டையிலோ கல்லிலோ வேலை செய்யுங்கள். அரை நிமிடம் கழித்து மறுபடி வானத்துக்கு வந்து, "மஞ்சளா ஊதாவா, இன்னும் முடிவு செய்யவில்லை" என்று ஒருமுறை சொல்லுங்கள். நடுவில் வந்து சேர்ந்தவருக்கும் அப்போதுதான் கேள்வி தெரியும்.

இன்னொன்று, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்" என்பது தேர்வுத்தாளில் வரும் கட்டுரை வினா. நிறங்களைப் பற்றி நமக்கென்ன தெரியும், எதையாவது சொல்லி மாட்டிக்கொள்வானேன் என்று நினைப்பவர்கள்தான் மிகுதி. ஒரே சொல்லில், தெரியாதவரும் தயங்காமல் சொல்லக்கூடிய, சொன்னால் திரையில் ஏதாவது மாறக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். பறவை ஒன்றா மூன்றா? படகு இடப்பக்கமா வலப்பக்கமா? யாராவது ஒருவர் "மூன்று" என்று எழுதினால், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் மூன்று பறவையை வரைந்துதான் ஆகவேண்டும். கேட்டுவிட்டு உங்கள் விருப்பப்படியே வரைந்தால், அடுத்த கேள்வி சடங்காகிவிடும்.

தாமத நிலையையும் மாற்றிப் பாருங்கள். மிகக் குறைந்த தாமதத்தில் 1440பி, 4கே போன்ற உயர்ந்த படத்தரம் கிடைக்காது, இணைப்பு மெதுவாக உள்ளவர்களுக்குப் படம் நின்று நின்று ஓடவும் கூடும். ஆனால் ஓவியத்துக்கு 1080பி போதுமானது என்பதால் உங்களுக்கு இழப்பு குறைவு.

பின்வரிசை எழுதியது:

நான் ஒளிபரப்பு செய்பவன் இல்லை. நாள்தோறும் யாருடைய நேரலையையாவது பார்த்துக்கொண்டே, ஒரு வரியும் எழுதாமல் போகும் கூட்டத்தைச் சேர்ந்தவன். எங்கள் பக்க நியாயத்தையும் ஒருமுறை கேளுங்கள்.

இணையக் கூட்டங்களில் 90 விழுக்காட்டினர் பார்ப்பதோடு நிற்பார்கள், 9 விழுக்காட்டினர் எப்போதாவது பங்களிப்பார்கள், மீதி ஒரு விழுக்காட்டினர்தான் பெரும்பகுதியை எழுதுவார்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாகோப் நீல்சன் 2006இல் ஒரு தோராயக் கணக்கை எழுதினார். அதை இயற்கை விதிபோல எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை; நேரலையின் இயல்பும் வேறுதான். ஆனாலும் பன்னிரண்டு பேர் பார்க்கும் இடத்தில் அந்தக் கணக்குப்படி பேசக்கூடியவர் ஒருவருக்குச் சற்று மேல். உங்களுக்கு இரண்டு பேர் பேசுகிறார்கள். அந்தப் பன்னிரண்டில் உங்கள் சொந்த ஜன்னல் ஒன்று திறந்திருக்கலாம், யாரோ ஒருவர் தூங்கிப்போயிருக்கலாம்.

பேசாததற்குக் காரணங்கள் பெரும்பாலும் உங்களைப் பற்றியவையே இல்லை. நான் பல நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கிறேன், கை ஈரம். தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கும்போது தட்டச்சு செய்யத் தோதாக எதுவும் இருப்பதில்லை, கைபேசியைத் தேடி எடுத்து அதே ஒளிபரப்பை அதிலும் திறக்க வேண்டும். கைபேசியிலேயே பார்த்தாலும் படத்தை முழுத்திரையாக்கிவிட்டால் சாட் கண்ணில் படாது, அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகும். இவை எல்லாம் சோம்பல் என்று வைத்துக்கொண்டாலும், அடுத்ததைச் சோம்பல் என்று தள்ள முடியாது. காலியான சாட்டில் முதல் வரி எழுதுவது, யாருமே எழுந்து நிற்காத மண்டபத்தில் தனியாக எழுந்து நின்று பேசுவது போன்றது. நான் எழுதியது மேலே ஏறி மறையாமல் அரைமணி நேரம் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். எழுத்துப்பிழை இருந்தால் அதுவும் தொங்கும்.

ஒருமுறை ஒரு ஒளிபரப்பில், பார்ப்பவர்கள் பட்டியலில் என் பெயரைப் பார்த்துவிட்டு, "நீங்கள் தினமும் வருகிறீர்கள், ஏன் பேசுவதே இல்லை?" என்று ஒளிபரப்பு செய்தவர் ஒலிவாங்கியில் கேட்டுவிட்டார். அன்போடுதான் கேட்டார் என்பதில் ஐயமில்லை. ஆனால் நான் அடுத்த நொடியே ஜன்னலை மூடினேன், அதன்பின் அங்கே போகவில்லை. எது செய்தாலும் இதைமட்டும் செய்யாதீர்கள். "பேசாமல் பார்ப்பவர்களுக்கும் வணக்கம், கையில் வேலையிருந்தால் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்" என்று பெயர் சொல்லாமல் தொடக்கத்தில் ஒருமுறை சொல்லும் ஒருவரிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. விந்தை என்னவென்றால், அவரிடம்தான் பின்னாளில் நான் பேசத் தொடங்கினேன்.

அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அவர் பழைய கடிகாரங்களைக் கழற்றிச் சுத்தம் செய்பவர். ஒருநாள் ஒரு சின்னத் திருகாணி மேசையிலிருந்து உருண்டு, அவர் இடது முழங்கைக்குக் கீழே போய் நின்றது. அவர் அதைத் தரையில் தேடிக்கொண்டிருந்தார். கேமரா மேலிருந்து பார்த்ததால் எனக்கு அது தெரிந்தது. "இடது முழங்கை" என்று இரண்டே சொல் எழுதினேன். ஓராண்டாக வாயை மூடிக்கொண்டிருந்தவன், அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தவுடன் யோசிக்காமல் எழுதிவிட்டேன். அவர் முழங்கையைத் தூக்கிப் பார்த்து, சிரித்து, என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். ஆரவாரம் எதுவும் செய்யாமல் வேலைக்குத் திரும்பினார். கடைசியில் கடிகாரம் ஓடத் தொடங்கியபோது, "முழங்கைத் திருகாணியும் இதற்குள்தான் இருக்கிறது" என்றார். மறுநாள் நான் உள்ளே நுழைந்தவுடன் வணக்கம் எழுதினேன். பார்வையாளருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்று ஒளிபரப்பில் இருக்கட்டும். எல்லாவற்றையும் நீங்களே அறிந்தவராக இருந்தால் எங்களுக்கு அங்கே வேலை இல்லை.

சாவிக்கொத்து எழுதியது:

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் பேச்சுக்கலையைத் திருத்துவதற்கு முன், கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் மூன்று பேருக்கு மாடரேட்டராக, அதாவது அவர்கள் சாட்டைக் கண்காணிப்பவனாக, இருக்கிறேன். சாட் ஓடவில்லை என்று புலம்புபவர்களின் அமைப்புகளைத் திறந்து பார்த்தால், எப்போதோ ஒரு தொல்லைக்காரனுக்குப் பயந்து போட்ட பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் பின்தொடர்பவர்கள் மட்டும் எழுதலாம் என்ற நிலை இருக்கிறது. எவ்வளவு காலம் பின்தொடர்ந்திருக்க வேண்டும் என்பதை மூன்று மாதம் வரை வைக்க முடியும். தொலைபேசி எண்ணைச் சரிபார்த்தவர்கள் மட்டும் எழுதலாம் என்றும் வைக்கலாம். யூடியூபில் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்ற தேர்வு உண்டு. இரண்டிலும் ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையில் இத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்ற மெதுநிலை உண்டு. ஒளிபரப்பைக் குழந்தைகளுக்கானது என்று குறித்துவிட்டால் யூடியூபில் சாட் முழுவதுமே மூடிவிடும். பெரிய கூட்டம் உள்ள இடத்தில் இந்தப் பூட்டுகள் இல்லாமல் முடியாது. பன்னிரண்டு பேர் உள்ள இடத்தில், புதிதாக வந்து ஓர் ஆர்வத்தில் எழுத நினைத்தவரை "முதலில் பின்தொடருங்கள்" என்று வாசலில் நிறுத்தினால் அவர் திரும்பிப் போய்விடுவார்.

அடுத்தது, வடிகட்டிகள். நான் உதவும் ஒருவரின் சேனலில், தடைசெய்த சொற்களின் பட்டியலில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்றை அவரே ஒருநாள் கோபத்தில் சேர்த்திருந்தார். அது சாதாரணச் சொற்கள் பலவற்றின் நடுவிலும் வரக்கூடிய துண்டு. ஆறு வாரம் கழித்து, மறுஆய்வுக்காக நிறுத்திவைத்த செய்திகளின் பகுதியைத் திறந்தபோது நாற்பதுக்கும் மேல் கிடந்தன. அவற்றில் ஒன்றுகூட வசை இல்லை. "இந்தப் பாகம் மிக அருமை", "ஒலி கொஞ்சம் குறைவாக உள்ளது" என்பன போன்றவை. ஒலி குறைவாக இருக்கிறது என்று ஒரே ஆள் நான்கு முறை எழுதியிருந்தார். நான்காவது முறைக்குப் பிறகு அவர் பெயர் எங்கும் காணப்படவில்லை. இன்றிரவே உங்கள் நிறுத்திவைத்த செய்திகளைத் திறந்து பாருங்கள்.

யூடியூபில் சாட்டின் தலைப்பகுதியில் முதன்மைச் சாட், நேரலைச் சாட் என இரண்டு காட்சிகள் உண்டு. முதன்மைச் சாட் சில செய்திகளை வடிகட்டித்தான் காட்டும். ஒளிபரப்பு செய்பவர் எப்போதும் எல்லாச் செய்திகளும் வரும் காட்சியில் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் உங்கள் கணக்கிலிருந்து சோதித்துப் பயனில்லை, உரிமையாளருக்கு எந்தப் பூட்டும் தெரியாது. உங்கள் சேனலைப் பின்தொடராத ஒருவரின் கைபேசியில் திறந்து, ஒரு வரி எழுதச் சொல்லிப் பாருங்கள்.

நண்பர்களை வேறு பெயரில் பேசவைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பன்னிரண்டு பேர் உள்ள இடத்தில் அது இரண்டாவது வாரமே தெரிந்துவிடும். நண்பர்கள் சொந்தப் பெயரில் வந்து உண்மையாகவே பேசினால் மிக நல்லது, பின்வரிசை சொன்ன காலி மண்டபப் பயம் அதில் பாதி குறையும். ஒரே நிபந்தனை, உங்களுக்குள் மட்டும் புரியும் பழைய கதைகளைப் பேசக்கூடாது. வெளியாள் ஒருவருக்கு அதைவிட வேகமாக வெளியேறும் வழியைக் காட்டும் பலகை கிடையாது.

இரவுக்காவல் எழுதியது:

நான் வீடியோ கேம் ஆடுவதை ஒளிபரப்பு செய்பவன், அதனால் என் கருத்து கொஞ்சம் மாறுபடும். பரிசுப் போட்டி வைத்தால் சாட் வேகமாக ஓடும், அதில் ஐயமில்லை. ஆனால் ஓடுவது எல்லாம் போட்டியில் கலந்துகொள்ள எழுதும் கட்டளைச் சொல் மட்டும்தான். குலுக்கல் முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் பாதிப்பேர் இருக்கமாட்டார்கள். மூன்று முறை செய்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பதிலாக வாக்கெடுப்பு வைத்துப் பாருங்கள். எழுதக் கூச்சப்படுபவர்களும் ஒரு பொத்தானை அழுத்துவார்கள், யார் எதை அழுத்தினார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. ட்விட்சில் பார்க்கும் நேரத்துக்குச் சேரும் புள்ளிகளைச் செலவிட்டு எதையாவது செய்யச் சொல்லும் வசதியும் உண்டு, தகுதி பெற்ற சேனல்களுக்கு. சாட்டின் சொல்லுக்குத் திரையில் விளைவு இருந்தால் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு 2014 பிப்ரவரியில் ட்விட்சில் நடந்தது சான்று. போக்கிமான் என்ற வீடியோ கேம் ஒன்றை முழுக்க முழுக்க சாட்டில் வரும் கட்டளைகளாலேயே ஆடவிட்டார்கள். ஆட்டம் பதினாறு நாளில் முடிந்தது, 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கட்டளை எழுதினார்கள். அதில் யாரும் யாரோடும் உரையாடினார்கள் என்று சொல்லமுடியாது, அது வேறு கதை.

சாட்டில் தானாகவே செய்தி போடும் பாட் என்ற நிரலை வைத்திருந்தால் அதன் நேரமிட்ட அறிவிப்புகளைக் குறையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "பின்தொடருங்கள், பகிருங்கள்" என்று பாட் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் சாட்டைப் பார்த்தால், அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நிற்பது போலத்தான் இருக்கும்.

கரித்துண்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழைய ஒலிவாங்கி சொன்ன கணக்கைப் படித்தவுடன் அந்த ஒளிபரப்பின் பதிவை மறுபடி போட்டுப் பார்த்தேன். சாட்டைப் படத்தின் வலது ஓரத்தில் தெரியும்படி வைத்திருப்பதால் நேரம் துல்லியமாகத் தெரிகிறது. நாற்பத்தொன்றாவது நிமிடம் 12ஆவது விநாடியில் கேள்வியைக் கேட்டு முடிக்கிறேன். 17இல் ஊதா என்கிறேன். 31ஆவது விநாடியில் ஓரத்தில் ஒரு வரி ஏறுகிறது: "ஆரஞ்சு, கொஞ்சம் சிவப்பு கலந்து." நான் அப்போது குனிந்து ஊதாவைப் பூசிக்கொண்டிருக்கிறேன். அந்த வரி ஏழு நிமிடம் அங்கேயே இருக்கிறது, நான் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. எழுதியவர் அதற்கு முன் என் சாட்டில் எழுதியதே இல்லை. வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். மற்ற பதிவுகளையும் தேடினேன்; ஒரு மாதத்தில் இப்படி ஐந்து வரிகள் கிடைத்தன.

நிறுத்திவைத்த செய்திகளில் இரண்டே இரண்டு இருந்தன, அவற்றில் ஒன்று விளம்பரம். எனவே என் கதவு திறந்துதான் இருந்திருக்கிறது, வீட்டுக்காரன்தான் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது என் கேள்வி வேறு. வரையும்போது கண் பலகையிலேயே இருக்கும். சாட்டை எப்படிக் கவனிப்பது? சத்தமாகப் படிக்கும் கருவியை வைக்கலாமா?

பழைய ஒலிவாங்கி எழுதியது:

சத்தமாகப் படிக்கும் கருவியை நான் ஒரு மாதம் வைத்திருந்தேன். யாராவது வேண்டுமென்றே ஒரே எழுத்தை முந்நூறு முறை எழுதி அதைப் படிக்கவைக்கும்வரை நன்றாகத்தான் இருந்தது. எழுதத் தயங்குபவர்களுக்குத் தங்கள் வரி எந்திரக் குரலில் எல்லோர் காதிலும் ஒலிப்பது இன்னும் கூச்சத்தைத் தரும் என்றும் பிறகு உணர்ந்தேன். புதுச் செய்தி வந்தால் உங்கள் காதுக்கு மட்டும் கேட்கும் சின்ன மணியோசை போதும். ஒளிபரப்புக்குள் அந்த ஒலி போகாதபடி ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருளில் அதைத் தனி ஒலித்தடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

திரையைப் பொறுத்தவரை, சாட் பக்கத்துத் திரையில் இருப்பதுதான் தொல்லை. ஓபிஎஸ்ஸில் சாட் ஜன்னலை அதற்குள்ளேயே ஒட்டிவைக்கும் வசதி உண்டு. ஆனால் உங்களுக்கு அதைவிட எளிது, ஒரு பழைய கைபேசியில் சாட்டைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கி, வரையும் பலகையின் மேல் விளிம்பிலேயே சாய்த்து வைப்பது. தலையைத் திருப்ப வேண்டியிருந்தால் எவரும் திரும்பமாட்டார், கண்ணை உயர்த்தினால் போதும் என்றால் பார்ப்பார். ஒவ்வொரு வண்ணப் படலத்தையும் முடிக்கும்போது ஒருமுறை பார்ப்பது என்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தாமதமாகப் பார்த்தாலும் தவறில்லை. "மூன்று நிமிடத்துக்கு முன் ஒருவர் ஆரஞ்சு என்று எழுதியிருக்கிறார், இப்போதுதான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். வரியை முழுதாக வாய்விட்டுப் படித்த பிறகு பதில் சொல்வது முக்கியம். படத்தை முழுத்திரையில் பார்ப்பவருக்கும், பாத்திரம் கழுவுபவருக்கும் உரையாடல் நடப்பது அப்போதுதான் தெரியும்.

கரித்துண்டு எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்தை மிகக் குறைந்த நிலைக்கு மாற்றினேன், பழைய கைபேசியைப் பலகையின் விளிம்பில் வைத்தேன், கட்டுரை வினாக்களை விட்டேன். ஆரஞ்சு சொன்னவர் மறுபடி வந்திருந்தார். பெயரைச் சொல்லி அழைக்கவில்லை. "சென்ற மாதம் ஒருவர் சொன்ன ஆரஞ்சை இன்று போட்டுப் பார்க்கப்போகிறேன்" என்றுமட்டும் சொல்லிவிட்டு, அதே வானத்தை மறுபடி வரைந்தேன். பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு, "சிவப்பு இன்னும் குறைவு" என்று ஒரு வரி வந்தது. கூட்டினேன். அவர் சொன்னதுதான் சரி.

பார்ப்பவர்கள் எண்ணிக்கை மாறவில்லை, அதே பன்னிரண்டு பதின்மூன்று. எழுதுபவர்கள் நான்கைந்து பேர் ஆகியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், வேண்டுமென்றே ஓவியத்தின் ஓர் அடுக்கைத் தவறாக மறைத்து வைத்துவிட்டு யாராவது கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்தது எடுபடவில்லை. நடிப்பு என்று உடனே தெரிந்துவிட்டது, ஒருவர் எழுதியும் விட்டார். உண்மையாகவே தவறு செய்தால்தான் உதவிக்கு வருகிறார்கள். அதற்கு என்னிடம் பஞ்சமில்லை.

புதிதாக ஒரு சிக்கல். இப்போது எழுதுபவர்களில் ஒருவர் எல்லாக் கேள்விக்கும் முதல் ஆளாகப் பதில் சொல்லிவிடுகிறார். நல்லவர், ஆர்வம் மிகுந்தவர். ஆனால் அவர் சொன்னவுடன் மற்றவர்கள் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சமாளிப்பது?

பின்வரிசை எழுதியது:

முதல் பதில் வந்தவுடன் முடிவெடுக்காதீர்கள். "ஒரு ஓட்டு மஞ்சளுக்கு, இன்னும் இரண்டு வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் கல்லை வரைந்துகொண்டிருங்கள். அவருக்கும் மதிப்பு கிடைத்துவிடும், எங்களைப் போன்றவர்களுக்கும் தட்டச்சு செய்ய நேரம் கிடைக்கும்.